பேசாப் படத்தில் நகைச்சுவை வளர்த்த பெரியார் தீரேந்திரநாத் கங்கூலி

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு ஐதராபாத்துக்கு வந்த குடும்பங்கள் நம் குஷாய்குடாவில் பல. ஒரு நூற்றாண்டுக்கு முன் இவ்வாறே இந்நகருக்கு வந்து, பாரதத்தின் பேசாப் படக் கலைக்கு நையாண்டிச் சுவையை ஊட்டிய வங்காளி ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நன்று.

1893-இல் கல்கத்தாவில் பிறந்த கங்கூலி, சாந்திநிகேதனில் பயின்று ஓவியத்தில் தேர்ந்தார். நிஜாம் சமஸ்தானத்துக் கலைப் பள்ளியில் தலைமையாசிரியரானார். வேடம் புனைவதில் வல்லவரான அவர், தம் உருவத்தையே பலவாறாக மாற்றிப் புகைப்படம் பிடித்து நூலாக வெளியிட்டார். அந்நூலே அவருக்குத் திரையுலகின் கதவைத் திறந்தது.

புராணக் கதைகளே மிகுதியாகப் படமாகி வந்த நாளில், 1921-இல், 'பிலாத் ஃபேரத்' வெளிவந்தது. 'சீமையிலிருந்து திரும்பியவன்' என்பது அதன் பொருள். நிதீஷ் லாஹிரி இயக்கிய அப்படத்தில் கங்கூலியே கதாநாயகர். சீமை மோகம் தலைக்கேறிய இளைஞனை மட்டுமன்றி, பழமையில் ஊறிய வீட்டாரையும் அது எள்ளி நகையாடியது. தம்மைத் தாமே திரையில் கண்ட மக்கள் வாய்விட்டுச் சிரித்தனர்.

1922-இல் அவர் ஐதராபாத்தில் லோட்டஸ் பிலிம் கம்பெனியை நிறுவினார். நிஜாமின் ஆதரவும் கிட்டியது. படப்பிடிப்பு நிலையமும் திரையரங்குகளும் அமைந்தன. படங்கள் பல உருவாயின. ஆயின் 1924-இல், பிறர் எடுத்த 'ரஸியா பேகம்' என்னும் படத்தை அவர் இங்குத் திரையிட்டார். முஸ்லிம் அரசி இந்து ஒருவனைக் காதலிக்கும் கதை அது. நிஜாம் சினந்தார். கங்கூலி உடனே சமஸ்தானத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அதே ஆண்டில் சோவியத் நாட்டில் குலெஷோவ், தம் நாட்டைக் கண்டு அஞ்சும் அமெரிக்கர் ஒருவரைக் கேலி செய்து படமெடுத்தார். அயலானைக் கண்டு நகைத்தல் எளிது. தன் வீட்டாரையே நகைக்கத் துணிவு வேண்டும். அத்துணிவு கங்கூலியிடம் இருந்தது.

கட்டியதை இழந்தும் அவர் தளரவில்லை. கல்கத்தா திரும்பி, 1929-இல் பிரிட்டிஷ் டொமினியன் பிலிம்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1974-இல் பத்மபூஷண் விருதும், பின்னர் தாதாசாகேப் பால்கே விருதும் அவரை நாடி வந்தன. 1978-இல் மறைந்தார்.

வந்த ஊரில் வேரூன்ற முயலும் நமக்கு அவர் வாழ்வு ஒன்றை உணர்த்துகிறது. ஆதரவு அரசரிடமிருந்து வரலாம், போகலாம். கற்ற கலையோ கைவிடுவதில்லை.