எல்லாரும் விட்டால் கட்சி பிழைக்கும். நான் மட்டும் விட்டால்? 1963இல் காமராஜர் எடுத்த ரிஸ்க்

ஒரு கேள்வி. உங்கள் முன்னால் இரண்டு பட்டன் இருக்கிறது. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ஊரில் எல்லார் முன்னாலும் இதே இரண்டு பட்டன்தான். பாதிப் பேருக்கு மேல் நீலத்தை அழுத்தினால் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள். பாதிக்குக் குறைந்தால் நீலத்தை அழுத்தியவர்கள் மட்டும் காலி. சிவப்பை அழுத்தியவருக்கு எப்படியும் ஒன்றும் ஆகாது. யாரிடமும் பேசிவைத்துக்கொள்ள முடியாது. எதை அழுத்துவீர்கள்?

சிவப்புக்காரர்களின் நியாயம் எளிது. எல்லாரும் சிவப்பையே அழுத்திவிட்டால் யாருக்கும் சேதமில்லையே, பிறகு எதற்கு வம்பு? நீலக்காரர்களோ, எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்க மாட்டார்கள், விவரம் தெரியாமல் நீலத்தைத் தொட்டுவிடும் குழந்தையை என்ன செய்வது என்று கேட்பார்கள். அம்பத்தூரில் ஒரு அபார்ட்மெண்டில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வீட்டுக்கு வீடு பணம் போடச் சொல்லுங்கள். முதல் ஆளாகக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். இந்தக் கேள்வி எவ்வளவு நிஜம் என்று புரிந்துவிடும்.

தமிழ்நாட்டு அரசியலில் இந்தப் பட்டனை நிஜமாகவே அழுத்தியவர் ஒருவர் உண்டு. முதலமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே, யாரும் கேட்காமல், முதல் ஆளாக அழுத்தினார். அவர்தான் காமராஜர்.

ரயில் ஆவடியைத் தாண்டியது, அவர் இல்லை

1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தவர் காமராஜர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. பிறகு காங்கிரஸ், 1930இல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம், சிறை. மொத்தமாக ஒன்பது ஆண்டுகளுக்குப் பக்கத்தில் சிறையிலேயே போனது.

பதவியை விடுவது அவருக்கு 1963இல் வந்த புதுப் பழக்கம் இல்லை. 1941இல் அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்ததும் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். முழுசாக வேலை பார்க்க முடியாத நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அவர் கணக்கு.

அடுத்த வருஷம், 1942 ஆகஸ்ட். பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய கையோடு தலைவர்களை வரிசையாகக் கைது செய்தார்கள். சென்னை திரும்பும் ரயிலில் காமராஜர் இருந்தார். சென்ட்ரலில் போலீஸ் காத்திருக்கும் என்பது தெரிந்த விஷயம். அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியாக ரயில் அவர் இல்லாமலேயே சென்னைக்குப் போனது.

தப்பிப்பதற்காக இறங்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகப் போய் அடுத்து என்ன செய்வது என்று தொண்டர்களிடம் சேர்த்தார். வேலை முடிந்ததும் விருதுநகருக்குப் போய், கைது செய்துகொள்ளலாம் என்று போலீசுக்குத் தானே தகவல் சொன்னார். 1945 வரை சிறை.

சத்தியமூர்த்தியின் பெயரில் ஆவடி

1954 ஏப்ரல் 13இல் முதலமைச்சரானார். கட்சிக்குள் அவரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தை ஆதரித்தவர் பக்தவத்சலம். இரண்டு பேரையும் தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். இன்றைய அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியின் 60ஆவது மாநாடு ஆவடியில் நடந்தது. தலைவர் யு.என்.தேபர். சோஷலிச பாணி சமுதாயம்தான் நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் நிறைவேறியது இங்கேதான். மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சத்தியமூர்த்தி காமராஜரின் அரசியல் குரு. 1936இல் குரு மாநிலத் தலைவர், சீடர் செயலாளர். 1940இல் சீடர் தலைவரானபோது குரு செயலாளராக இருக்கச் சம்மதித்தார். மேலே இருப்பவர் கீழே இறங்கி வேலை பார்க்கலாம் என்பதை காமராஜர் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

மதிய உணவு, பள்ளிக்கூடங்கள், அணைகள், தொழிற்பேட்டைகள் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பட்டனுக்கு வருவோம்.

கே பிளான்: என்னதான் நடந்தது?

1962இல் சீனாவுடனான போரில் இந்தியா அடி வாங்கியது. 1963 மே மாதம் நடந்த மக்களவை இடைத்தேர்தல்களில் அம்ரோகாவில் கிருபளானி, ஃபரூக்காபாத்தில் லோகியா, ராஜ்கோட்டில் மினு மசானி என்று நேருவைக் கடுமையாக எதிர்த்த மூன்று பேர் ஜெயித்தார்கள். சென்னை மாநிலத்தில் 1962 தேர்தலிலேயே தி.மு.க. 50 இடங்களைப் பிடித்திருந்தது. கட்சி கீழே கரைகிறது, தலைவர்களோ கோட்டையில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறார்கள் என்று காமராஜருக்குப் பட்டது.

நேருவிடம் அவர் கொண்டுபோன யோசனை இதுதான்: மூத்த தலைவர்கள் அரசுப் பதவியை விட்டுவிட்டு கட்சி வேலைக்குப் போக வேண்டும். முதலில் நான் போகிறேன். நேரு தானும் விலகுவதாகச் சொன்னார், அதை யாரும் ஏற்கவில்லை. 1963 ஆகஸ்டில் கட்சி இந்தத் திட்டத்தை ஏற்றது. மத்திய அமைச்சர்களும் காங்கிரஸ் முதலமைச்சர்களும் ராஜினாமா கொடுத்தார்கள். யாருடையதை ஏற்பது என்ற முடிவு நேரு கையில்.

மத்தியில் மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜெகஜீவன் ராம், எஸ்.கே.பாட்டீல், கோபால ரெட்டி, ஸ்ரீமாலி ஆகிய ஆறு பேர் போனார்கள். மாநிலங்களில் காமராஜர், ஒடிசாவின் பிஜு பட்நாயக், உத்தரப்பிரதேசத்தின் சி.பி.குப்தா உட்பட ஆறு முதலமைச்சர்கள். 1963 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி பிறந்தநாளில், காமராஜர் பதவியை விட்டார். பக்தவத்சலம் முதலமைச்சரானார்.

பட்டன் கேள்விக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பட்டன் கதையில் எல்லாரும் சிவப்பை அழுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. கட்சியில் அப்படி இல்லை. எல்லாரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நஷ்டம் அடுத்த தேர்தலில் வட்டியோடு வரும்.

கதையில் ரகசியமாக அழுத்துகிறோம். காமராஜர் எல்லாரும் பார்க்க அழுத்தினார், அதுவும் முதலில். அடுத்தவரை விடச் சொல்லும் ஆள் தன்னுடையதை ஏற்கெனவே விட்டிருந்தால், மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். திட்டம் ஓடியதற்குக் காரணம் இந்தக் கூச்சம்தான் என்று தோன்றுகிறது.

ஆனால் ஓட்டையும் இங்கேயே இருக்கிறது. எல்லாரும் அழுத்தினார்கள், விலை கொடுப்பது யார் என்பதை ஒருவர் தேர்ந்தெடுத்தார். வேண்டாதவர்களைக் கழற்றிவிடும் ஏற்பாடு இது என்று மொரார்ஜி தரப்பு நினைத்ததில் ஆச்சரியமில்லை. தானாக முன்வந்தவரும் தள்ளிவிடப்பட்டவரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள்.

விலை என்ன?

1964 ஜனவரியில் புவனேஸ்வர் மாநாட்டில் காமராஜர் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். அதே ஆண்டு மே 27இல் நேரு மறைந்தார். சாஸ்திரி பிரதமர் ஆனார். 1966 ஜனவரியில் சாஸ்திரியும் தாஷ்கண்டில் மறைந்தபோது, காமராஜரே பிரதமராகலாம் என்ற பேச்சு வந்தது. அவர் ஒதுங்கிக்கொண்டு இந்திரா காந்தியைக் கொண்டுவந்தார். இந்த இரண்டு தேர்விலும் கிங் மேக்கர் அவர்தான்.

டெல்லியில் கிடைத்தது இது. இங்கே? அவர் விட்டுச்சென்ற அரசு 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும், பிறகு அரிசித் தட்டுப்பாட்டையும் சந்தித்தது. 1967 தேர்தலில் காங்கிரஸ் மாநிலத்தை இழந்தது. பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமே தோற்றார். விருதுநகரில் காமராஜர், மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். காங்கிரஸ் அதற்குப் பிறகு இங்கே ஆட்சிக்கு வரவே இல்லை.

அவர் பதவியிலேயே இருந்திருந்தால் 1967 வேறு மாதிரி இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். 1965இல் கோட்டையில் அவர் இருந்திருந்தால் போராட்டத்தை வேறு விதமாகக் கையாண்டிருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் நீலப் பட்டனின் கணக்கு தப்பு. ஆனால் தோற்கும் வாய்ப்பு தெரியாமல் அழுத்தியவர் இல்லை அவர், கீழே ஓட்டு நகர்வதைப் பார்த்துத்தான் அழுத்தினார். தோல்விக்குப் பிறகும் வீட்டில் உட்காரவில்லை. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து மக்களவைக்குப் போனார். அதே ஆண்டு கட்சி உடைந்தபோது, தான் பிரதமராக்கிய இந்திராவுக்கு எதிர்ப் பக்கம் நின்றார்.

1975 அக்டோபர் 2ஆம் தேதி, முதலமைச்சர் பதவியை விட்டு சரியாக 12 ஆண்டு ஆன நாளில், தி.நகர் திருமலைப்பிள்ளை சாலை வீட்டில் காமராஜர் காலமானார். அது வாடகை வீடு.