வெள்ளி மாலை தந்த கொல்லர்

வரிசையாக வெள்ளி மணிகள். இடையிடையே பூவரும்பு போன்ற தொங்கல்கள். அடியில் ஒரு பிறைச் சந்திரன். அந்தப் பிறையின் நடுவே, வானத்தைக் கிள்ளி வைத்தாற்போல ஒரு நீலப்பச்சைக் கல்!

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் வாழும் நவாஹோ மக்களின் மாலை இது. பழைய மாலை என்றால் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள் செல்வர்கள்.

ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நவாஹோ மக்களிடம் வெள்ளி வேலை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. வெள்ளி என்ன, இரும்பை அடிக்கவும் ஆள் இல்லை! அந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு மனிதர். அவர் பெயர் அட்சிடி சானி.

இது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அட்சிடி என்றால் கொல்லர். சானி என்றால் முதியவர். முதிய கொல்லர் என்று ஊரே அழைத்த பெயர்தான் சரித்திரத்தில் நின்றுவிட்டது.

குதிரைக் கடிவாளம்

அட்சிடி சானி 1830 வாக்கில் பிறந்தார். அவருடைய மக்கள் ஆடு மேய்ப்பார்கள், சோளம் விதைப்பார்கள், கம்பளி நெய்வார்கள். குதிரை என்றால் உயிர். ஆனால் குதிரைக்குப் போடும் கடிவாளத்தை மட்டும் மெக்சிகோக்காரர்களிடம் வாங்கவேண்டும். அவர்கள் சொன்னதுதான் விலை!

இளைஞர் யோசித்தார். இதை நாமே செய்தால் என்ன? நம்மவருக்கு நாமே விற்றால் என்ன?

மெக்சிகோக் கொல்லர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். மொழி வேறு, குலம் வேறு. இரு இனத்தாருக்கும் இடையே பழைய சண்டைகளும் உண்டு. ஆனாலும் நட்பு ஏற்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே இரும்பு வேலையைக் கற்றுக்கொண்டார். 1853-ல் நவாஹோ மக்களுக்கு அரசாங்க ஏஜெண்டாக வந்தவர் ஹென்றி டாட்ஜ். நல்ல மனிதர். அவர் ஒரு கொல்லரையும் உடன் அழைத்து வந்தார். டிஃபையன்ஸ் கோட்டைப் பக்கம் பட்டறைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மூன்றே ஆண்டுகள்! 1856-ல் டாட்ஜ் கொல்லப்பட்டார். நல்ல காலம் அதோடு முடிந்தது.

நெடுநடை

1863-ல் அமெரிக்க ராணுவம் நவாஹோ நாட்டில் புகுந்தது. தலைமை தாங்கியவர் கிட் கார்சன். அவர் நவாஹோக்களோடு சண்டை போட்டதைவிட அவர்களுடைய சோற்றோடு சண்டை போட்டதே அதிகம். சோளக் கொல்லைகளைக் கொளுத்தினார்கள். ஆடுகளைக் கொன்றார்கள். கேன்யன் டி ஷே என்னும் மலைப்பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பீச் பழ மரங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றையும் வெட்டிச் சாய்த்தார்கள்.

பட்டினி வென்றது. 1864-ல் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தார்கள். குளிரில், பனியில், கால்நடையாகவே 500 கிலோமீட்டருக்கு அப்பால் நடத்திச் சென்றார்கள். நடக்கமுடியாமல் பின்தங்கிய கிழவர்களும் கர்ப்பிணிகளும் வழியிலேயே மாண்டார்கள். நெடுநடை என்று அதைச் சொல்லி இன்றும் கண்ணீர் விடுகிறார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் பாஸ்க் ரெடோண்டோ. பேகோஸ் ஆற்றங்கரை. ஆற்று நீர் உவர்நீர். குடித்தால் வயிற்றுப்போக்கு. விதைத்த சோளத்தைப் புழு தின்றது. விறகுக்கு மரம் இல்லை. வேரைத் தோண்டி எரித்தார்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். நான்கு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள்.

அடைபட்டவர்களில் நம் கொல்லரும் ஒருவர்.

கள்ளச் சீட்டு

உணவுக்கு ராணுவம் அட்டைச் சீட்டு கொடுத்தது. சீட்டைக் காட்டினால் மாவு. நவாஹோக்கள் அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள்! அட்டை போய் உலோக வில்லை வந்தது. அதிகாரிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் முகாமில் இரும்பு வேலை தெரிந்த கைகள் இருந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். சில நாட்களில் அதே வில்லைகள் அதே முத்திரையோடு கூடுதலாக உலவின! கடைசியில் வாஷிங்டனிலிருந்து நுணுக்கமான சித்திரம் போட்ட வில்லைகளை வரவழைக்க வேண்டியதாயிற்று.

சட்டப்படி அது குற்றம்தான். பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யார் சட்டம் பார்ப்பார்கள்? உலோகத்தில் நுணுக்கமாக அச்சுக் குத்தும் வித்தை அந்தப் பசியிலும் வளர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1868 ஜூன் 1-ந் தேதி உடன்படிக்கை ஏற்பட்டது. தாய்நாட்டுக்குத் திரும்பலாம்! புறப்பட்ட கூட்டம் மைல் கணக்கில் நீண்டிருந்தது. தூரத்தில் டெய்லர் மலை கண்ணில் பட்டதும் முதியவர்கள் கதறி அழுதார்கள். நவாஹோ நாட்டின் நான்கு திசைகளுக்கும் நான்கு புனித மலைகள் உண்டு. தெற்குத் திசைக்குரியது டெய்லர் மலை. அந்த மலைக்கு உரிய கல் எது தெரியுமா? மாலையில் மின்னும் அதே நீலப்பச்சைக் கல்தான்!

நாணயம் நகையாயிற்று

திரும்பி வந்தவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. உடன்படிக்கைப்படி அரசாங்கம் ஆடு கொடுத்தது. ஆடு பெருகியது, கம்பளி விற்றது, கையில் வெள்ளி நாணயம் புரண்டது. வெள்ளி வேலை பரவியது இந்தக் காலத்தில்தான்.

பட்டறை என்று தனியாக ஒரு கட்டடமா இருந்தது? இல்லை. கிடைத்த இரும்புத் துண்டு பட்டடை ஆயிற்று. ஆட்டுத்தோல் துருத்தி ஆயிற்று. களிமண்ணில் மூசை செய்து, கரி போட்டு, நாணயத்தை உருக்கினார்கள். கல்லில் செதுக்கிய அச்சில் ஊற்றினார்கள். பழைய அரத்தைத் தேய்த்து முத்திரை உளி செய்துகொண்டார்கள். மாலை மணி செய்ய வேறு வழி. நாணயத்தைத் தட்டித் தகடாக்கி, குழியில் வைத்து அடித்தால் அரைக் கிண்ணம். இரண்டு அரைக் கிண்ணங்களைப் பற்றவைத்தால் ஒரு மணி. ஒரு மாலைக்கு எத்தனை மணிகள்! அத்தனையும் கைவேலை. அமெரிக்க நாணயத்தை உருக்கக்கூடாது என்று 1890 வாக்கில் கெடுபிடி வந்தது. மெக்சிகோ நாணயம் கைகொடுத்தது.

அந்தப் பிறை எங்கிருந்து வந்தது? வட ஆப்பிரிக்க மூர் இனத்தார் குதிரையின் நெற்றியில் பிறையைத் தொங்கவிடுவார்கள். அவர்களிடமிருந்து ஸ்பெயின்காரர்களுக்கு வந்தது. கடல் கடந்து மெக்சிகோவுக்கு வந்தது. அங்கிருந்து நவாஹோ குதிரைக்கு வந்தது. கடைசியில் குதிரையின் நெற்றியை விட்டு நவாஹோப் பெண்ணின் கழுத்துக்கு ஏறியது. கடிவாளம் செய்யப் புறப்பட்டவர் தொடங்கி வைத்த வேலை அல்லவா! பூவரும்புத் தொங்கலைப் பூசணிப்பூ என்கிறார்கள் வெளியார். உண்மையில் அது ஸ்பெயின்காரர் சட்டைப் பொத்தானில் இருந்த மாதுளை மொட்டு. நவாஹோ மொழியிலோ விரியும் மணி என்றே அதற்குப் பெயர்.

ஒளிக்காத வித்தை

தொழில் ரகசியத்தை மூட்டை கட்டி வைத்திருந்தால் அட்சிடி சானி ஒருவர் மட்டும் பணக்காரர் ஆகியிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. நான்கு பிள்ளைகளுக்குக் கற்பித்தார். கேட்டு வந்தவர்களுக்கும் கற்பித்தார்.

அந்தக் காலத்துக் கொல்லர்களில் ஒருவர் அட்சிடி சோன். வெள்ளியில் கல் பதித்த முதல் நவாஹோ இவர் என்பார்கள். ஆண்டு 1878. இவர் 1872 வாக்கில் ஸூனி என்னும் வேறு பழங்குடியினரோடு போய் வாழ்ந்தார். அங்கே லன்யாடே என்பவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் லன்யாடே அதை ஹோப்பி மக்களிடம் கொண்டுபோனார்.

1878-ல் கனாடோ என்னும் ஊரில் ஹப்பெல் என்பவர் வியாபாரம் தொடங்கினார். அத்தகைய கடைகளில் மாலைக்கு இன்னொரு வேலையும் ஏற்பட்டது. கையில் காசில்லாத மாதங்களில் மாலை கடைக்குப் போகும். மாவும் சர்க்கரையும் காப்பிப் பொடியும் வீட்டுக்கு வரும். வசந்தத்தில் கம்பளி விற்றதும் மாலை மீளும். திருவிழா என்றால், அடகிலிருக்கும் நகையை ஒரு நாள் அணிந்துகொள்ளத் தந்து திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைக்காரர்களும் இருந்தார்கள். மீட்க முடியாமல் மூழ்கிப்போன மாலைகள் வெளியாருக்கு விலையாகிவிடும். பழைய நவாஹோ நகை என்று இன்று கண்ணாடிப் பெட்டியில் இருப்பவற்றில் பல இப்படி மூழ்கியவை. எந்த வீட்டில் எந்தக் குளிர்காலத்தில் என்ன கஷ்டமோ!

அட்சிடி சானி கடைசிக் காலத்தில் புனிதப் பாடல்களைப் பாடிச் சடங்கு நடத்தும் பெரியவராகவும் மதிக்கப்பட்டார். 1918 வாக்கில் மறைந்தார். தன் கதையை அவர் எழுதி வைக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து ஜான் அடேர் என்ற ஆராய்ச்சியாளர் நவாஹோ நாட்டுக்குப் போனார். சாம்பல் மீசைக்காரர் என்று பெயர் பெற்ற ஒரு முதிய வெள்ளிக் கொல்லரைக் கண்டார். கடிவாளம் செய்ய ஆசைப்பட்ட இளைஞரின் கதையை அந்தக் கிழவர்தான் அடேருக்குச் சொன்னார். அது 1944-ல் புத்தகமாக வெளிவந்தது.