பீப்பாய்களுக்கு நடுவே ஒரு 'மாணவர்'

பழைய கிள்ளான் சாலையில் ஒன்பதாவது மைல் பக்கம் போய் வருகிறவர்களுக்குச் சுங்கை வே மதுபான ஆலை தெரிந்திருக்கும். அயர்லாந்தின் கின்னஸ் நிறுவனம் 1965-இல் திறந்த ஆலை அது. 1989-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது; 2016-இல் ஹைனெக்கன் மலேசியா என்று பெயர் மாறியது. சாதனைப் புத்தகத்துக்குப் பெயர் கொடுத்ததும் இதே கின்னஸ்தான். மதுவின் பெருமையைப் பேச நான் வரவில்லை. நம் குடும்பங்களில் அது செய்திருக்கும் சேதம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிறுவனத்தில் 38 ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரை, எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா, பட்டப்படிப்பு என்று எதைப் படித்தாலும் நம் மாணவர்கள் ஒருநாள் சந்தித்தே தீருவார்கள். புள்ளியியல் பாடத்தில் 'ஸ்டூடண்ட்டின் டி-சோதனை' என்று வருகிறதே, அந்த ஸ்டூடண்ட் அவர்தான். இயற்பெயர் வில்லியம் சீலி கோசெட்.

அதே சுங்கை வேயில் இருக்கும் சுதந்திர வர்த்தக மண்டலத்தில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் சில ஆண்டுகள் வேலை செய்தேன். ஆயிரக்கணக்கான பாகங்கள் போகும் வரிசையிலிருந்து ஐந்தை எடுத்து அளப்போம். அந்த ஐந்தை வைத்து, மொத்தச் சரக்கையும் அனுப்பலாமா, நிறுத்தலாமா என்று ஷிப்ட் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். ஐந்தை வைத்து எப்படிச் சொல்வது என்று முதன்முதலில் தலையைப் பிய்த்துக்கொண்டவர் யார் என்று தேடியபோதுதான் கோசெட்டின் கதை எனக்குக் கிடைத்தது.

அவர் 1876 ஜூன் 13-இல் இங்கிலாந்தின் கேண்டர்பரியில் பிறந்தார். தந்தை ராணுவப் பொறியியல் பிரிவில் கர்னல். மகனுக்கும் அதே ஆசை இருந்தது. கண்பார்வை இடம் கொடுக்கவில்லை. ஆக்ஸ்ஃபர்டில் கணிதமும் வேதியியலும் படித்துத் தேறி, 1899-இல் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் ஆலையில் சேர்ந்தார்.

அன்று உலகின் மிகப் பெரிய மதுபான ஆலை அது. இவ்வளவு பெரிய ஆலையைப் பரம்பரைக் கைப்பக்குவத்தை மட்டும் நம்பி நடத்த முடியாது என்று நிர்வாகம் உணர்ந்திருந்தது. அதனால் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை வரிசையாக வேலைக்கு எடுத்தது. எந்த வகை பார்லியை வாங்குவது, ஹாப்ஸ் பூக்களின் தரத்தை எப்படி அறிவது, முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்கும் என்று அந்த இளைஞர்கள் ஓயாமல் அளந்தார்கள். குறிப்பேடுகள் நிறைந்தன. இன்றைய சொல்லில், நிறுவனத்திடம் ஒரு தகவல் அமைப்பு உருவாகிவிட்டது.

அந்தத் தகவலை நம்பிப் பணத்தைப் போடலாமா என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆளில்லை. ஒரே மூட்டையிலிருந்து இரண்டு முறை அளந்தால் இரண்டு விடை வந்தது. அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவுகள் இருந்தால்தான் வாயைத் திறக்கும். ஆலையில் ஒவ்வொரு சோதனைக்கும் நேரமும் செலவும் ஆகும். கையில் இருந்ததெல்லாம் நான்கு அளவுகள், பத்து அளவுகள். சக ஊழியர்கள் கணக்குத் தெரிந்தவர் என்று கோசெட்டிடம் வந்தார்கள்.

1904-இல் அவர் நிர்வாகத்துக்கு ஓர் உள் அறிக்கை எழுதினார். அளவீட்டுப் பிழைகளின் விதியை ஆலை வேலைக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பது பொருள். அதிலுள்ள ஒரு கணக்கைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மால்ட்டிலிருந்து இறங்கும் சத்துக்கு ஓர் இலக்கு அளவு உண்டு. உண்மை அளவிலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகாமல் நம் சராசரி இருக்க வேண்டுமானால், எத்தனை முறை அளப்பது? இரண்டு முறை அளந்தால் சரியாக இருக்கும் வாய்ப்பு 4-க்கு 1. மூன்று முறைக்கு 7-க்கு 1. நான்கு முறைக்கு 12-க்கு 1. ஐந்து முறைக்கு 19-க்கு 1. பத்துக்கு ஒன்று போதும் என்று நிர்வாகம் நினைத்தால் நான்கு முறை அளந்தால் முடிந்தது.

இதில் அவர் ஒரு பொறுப்பை நிர்வாகத்திடமே திருப்பிக் கொடுத்ததைக் கவனியுங்கள். எவ்வளவு உறுதி வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லாது. தவறினால் எவ்வளவு நட்டம், இன்னொரு முறை அளக்க எவ்வளவு செலவு என்று தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். நம் பாடநூல்கள் 5 விழுக்காடு என்ற கோட்டைப் போட்டுக் கொடுத்துவிடுகின்றன; மாணவர்களும் அதைக் கேள்வி கேட்காமல் எழுதுகிறார்கள். கோசெட் அப்படி ஒரு பொதுக் கோட்டை நம்பியவர் அல்லர்.

அந்த அறிக்கையோடு அவருக்குத் திருப்தி வரவில்லை. 1905-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிப் பேராசிரியர் கார்ல் பியர்சனைப் போய்ப் பார்த்தார். நிறுவனம் அவரை 1906-இல் பியர்சனின் ஆய்வுக்கூடத்துக்கே படிக்க அனுப்பியது. பியர்சன் உதவினார், ஆனால் சிறிய மாதிரிகளில் அவருக்கு ஆர்வமில்லை. உயிரியல் ஆய்வாளருக்கு ஆயிரம் அளவுகள் கிடைக்கும்; ஆலைக்காரனுக்குத்தான் கிடைக்காது.

1907-இல் முதல் கட்டுரை வந்தது. நொதிக்க வைக்கும் தொட்டியில் ஈஸ்ட் குறைந்தால் நொதிப்பு நிறைவாக நடக்காது. கூடினால் சுவை கெடும். நுண்ணோக்கியின் கீழ் 400 சிறு கட்டங்கள் கொண்ட கண்ணாடியில் ஈஸ்ட் செல்களை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் எவ்வளவு பிழை இருக்கும் என்பதே கட்டுரை. அடுத்த ஆண்டு, 1908-இல், பியர்சனின் பயோமெட்ரிகா இதழில் வந்த கட்டுரைதான் டி-சோதனைக்கு வித்து.

அதன் சாரத்தை ஒரு கற்பனைக் கடையை வைத்துச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அக்கா முறுக்கு விற்கிறார். புதிய உறை போட்டு நான்கு நாள் விற்றுப் பார்க்கிறார். வழக்கத்தைவிட 12, 3, 9, 4 பாக்கெட்டுகள் கூடுதலாகப் போகின்றன. சராசரி 7. புதிய உறைக்கு ஆகும் கூடுதல் செலவு, நாளொன்றுக்கு 2 பாக்கெட்டின் இலாபத்துக்குச் சமம். மாறலாமா? பழைய முறைப்படி சராசரியின் பிழையை 1.96-ஆல் பெருக்கினால், உண்மையான கூடுதல் 2.8-க்கும் 11.2-க்கும் இடையில் என்று வரும். 2-ஐ விட எப்படியும் அதிகம், துணிந்து இறங்கலாம் என்று தோன்றும். கோசெட் கண்ட ஓட்டை இங்கேதான். நாளுக்கு நாள் விற்பனை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் நாம் அதே நான்கு எண்களிலிருந்துதான் ஊகிக்கிறோம். அந்த ஊகமே ஆட்டம் காணும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நான்கு அளவுகளுக்குப் பெருக்க வேண்டிய எண் 1.96 அல்ல, 3.18. இப்போது விடை 0.25-லிருந்து 13.75 வரை விரிகிறது. செலவுகூடத் திரும்பாமல் போகலாம். பத்து நாள் பார்த்தால் பெருக்கும் எண் 2.26-ஆகக் குறையும், முப்பது நாளுக்கு 2.05.

அப்படியானால் அந்த அக்கா என்ன செய்வது? உறை அச்சடிக்கும் செலவு மட்டும்தான் என்றால் இன்னும் ஒரு வாரம் விற்றுப் பார்க்கலாம், தவறினாலும் பெரிய அடி இல்லை. இதே நான்கு நாள் கணக்கை நம்பிக் கிள்ளானில் இரண்டாவது கடைக்கு மூன்றாண்டு வாடகை ஒப்பந்தம் போடப் போகிறார் என்றால், நான் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

கணினி இல்லாத காலத்தில் கோசெட் தன் சூத்திரத்தைச் சரிபார்த்த விதம் சுவையானது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் அச்சில் கிடைத்தன. அவற்றை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகள் அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்கிட்டு, தன் வளைகோட்டோடு ஒப்பிட்டார். இன்று நாம் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டிச் செய்யும் உருவகப்படுத்தல்தான் அது.

புனைபெயருக்கு வருவோம். ஊழியர்கள் ஆய்வுகளை வெளியிடுவதைக் கின்னஸ் விரும்பவில்லை. முன்பு ஒருமுறை தொழில் இரகசியங்கள் அச்சேறிய கசப்பான அனுபவம் இருந்தது. பெயர் போடாமல், ஆலையின் தகவல் எதுவும் இல்லாமல் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தது. அவர் 'ஸ்டூடண்ட்' ஆனார். புள்ளியியலாளரை வைத்துக்கொண்டு பார்லி வாங்குகிறோம் என்பதே போட்டியாளர்களுக்குத் தெரியக் கூடாத செய்தியாக இருந்தது. தகவல் மட்டுமல்ல, தகவலைப் படிக்கத் தெரிந்த ஆளும் நிறுவனத்தின் முதலீடு என்பதை அந்த நிர்வாகம் அன்றே புரிந்துவைத்திருந்தது என்பேன்.

பல ஆண்டுகள் அந்தக் கட்டுரையை உலகம் கண்டுகொள்ளவில்லை. 1912-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ரொனால்டு ஃபிஷர் என்ற 22 வயது இளைஞர் கடிதம் எழுதி, கோசெட் ஊகமாகச் சொன்னதற்குக் கணித நிரூபணம் அனுப்பினார். 1925-இல் ஃபிஷர் எழுதிய நூல் வழியாகத்தான் டி-சோதனை உலகெங்கும் பரவியது. பியர்சனும் ஃபிஷரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பகைவர்கள். இருவருக்கும் நண்பராக இருந்தவர் கோசெட். ஃபிஷரோடும் வயல் சோதனை முறைகள் பற்றிக் கடைசிவரை வாதிட்டார், நட்பு முறியவில்லை.

அலுவலக அறையோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. அயர்லாந்தின் வேளாண் துறையோடு சேர்ந்து கின்னஸ் பார்லி வகைகளைப் பல ஊர்களில் பயிரிட்டுப் பார்த்தது. ஸ்ப்ராட்-ஆர்ச்சர் என்ற புதிய வகை சோதனைகளில் வென்று, பின்னாளில் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பரவலானது. ஒரு வட்டார விவசாயிகள் மட்டும் எங்கள் நாட்டு விதைதான் மேல் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அவர்களுக்குப் பாடம் புகட்டலாம் என்று இரண்டையும் அங்கேயே விதைத்துப் பார்த்தால், நாட்டு விதை வென்றுவிட்டது. காரணம் களை. நாட்டு விதை முதலில் வேகமாக வளர்ந்து களையை அமுக்கிவிடும். புதிய விதை மெதுவாக எழும்பிக் களையிடம் தோற்றுவிடும். முந்தைய சோதனைகள் நன்றாகப் பராமரித்த வயல்களில் நடந்ததால் களை என்ற ஒன்று கணக்கிலேயே வரவில்லை. எண்கள் பொய் சொல்லவில்லை. எண்களுக்கு அந்த வட்டாரம் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொரு நிகழ்ச்சி ஆலைக்கு வெளியே நடந்தது. 1930-இல் ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷயரில் 67 பள்ளிகளில் 20,000 பிள்ளைகளை வைத்து நான்கு மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைண்ட் பால், மற்ற 10,000 பேருக்கு இல்லை. பால் வளர்ச்சிக்கு உதவுகிறதா, அரசு பள்ளியில் பால் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கத்தான் இத்தனையும். 1931-இல் கோசெட் அதைப் பிரித்துப் பார்த்தார். எந்தப் பிள்ளைக்குப் பால் என்பதில் ஆசிரியர்கள் கொஞ்சம் கைவைக்க இடம் இருந்தது. மெலிந்த ஏழைப் பிள்ளையைப் பார்த்தால் எந்த ஆசிரியருக்குத்தான் மனம் கேட்கும்? பால் இல்லாத அணி தொடக்கத்திலேயே உயரமாகவும் எடையாகவும் அமைந்துவிட்டது. போதாததற்கு, பிள்ளைகளை உடையோடு எடை போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் தொடங்கிக் கோடையில் முடித்தபோது, வசதியான வீட்டுப் பிள்ளைகள் கனத்த உடையைக் கழற்றியிருந்தார்கள்; ஏழைப் பிள்ளைகளிடம் கழற்றக் கனத்த உடை ஏது? இருபதாயிரம் பேருக்குப் பதிலாக 50 ஜோடி ஒத்த இரட்டையர்களை எடுத்து, ஒருவருக்குப் பாலும் மற்றவருக்கு இல்லாமலும் பார்த்திருந்தால், சொற்பச் செலவில் இதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்கும் என்று அவர் காட்டினார். அரசு முடிவுக்காகத் திரட்டிய அவ்வளவு பெரிய தரவு, பிள்ளைகளைப் பிரித்த முதல் நாளே சாய்ந்துவிட்டது.

தகவல் அமைப்புகள் படிக்கும் தம்பி தங்கைகளிடம் நான் இந்தப் பால் கதையைத்தான் அதிகம் சொல்வேன். மென்பொருள் வரைபடம் போட்டுக் காட்டும், வண்ணம் தீட்டும். யார் அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள், தவறினால் யார் தலையில் விடியும் என்று அது கேட்காது.

கோசெட் தனி மனிதராகவும் இனிமையானவர். 1906-இல் மார்ஜரி என்பவரை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானார். மீன் பிடிப்பார், தச்சு வேலை செய்வார், படகு கட்டுவார், தோட்டம் போடுவார். புள்ளியியல் அவருக்கு முழுநேர வேலையாக இருந்ததே இல்லை. மது வடிப்போர் என்ற பதவிதான். 1922-இல்தான் புள்ளியியல் வேலைக்கு ஓர் உதவியாளர் கிடைத்தார். 1935-இல் லண்டன் பார்க் ராயலில் கின்னஸ் கட்டிய புதிய ஆலையின் பொறுப்பை ஏற்று டப்ளினை விட்டுப் புறப்பட்டார். 1937 அக்டோபர் 16-இல், 61 வயதில், மாரடைப்பால் காலமானார். துறை சார்ந்த சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, இத்தனை காலம் தாங்கள் படித்துவந்த 'ஸ்டூடண்ட்' ஒரு மதுபான ஆலை அதிகாரி என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது.