நாவலர் வகுத்த கல்விப்படி

பிள்ளைக்கு எதனை முன்னர்க் கற்பிப்பது, எதனைப் பின்னர்க் கற்பிப்பது, எதனைக் கற்பியாது விடுவது என்னும் ஆராய்ச்சி இந்நாளிற் பாடத்திட்டவியல் என ஒரு தனி நூலாய் வளர்ந்துள்ளது. எமது காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரவர்கள் நிறுவிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதலாய இடங்களில் அதனைப் பயில்வோர், அமெரிக்க நாட்டு ரால்ஃப் டைலர் என்பார் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலைத் தலையாயதாகக் கொள்வர். கல்வியின் நோக்கம் யாது, அந்நோக்கம் கைகூடுதற்கு எவற்றைப் பயிற்றுவது, அவற்றை எம்முறையில் அடுக்குவது, கைகூடியதா என்பதை எவ்வாறு அறிவது என்னும் நான்கு வினாக்களே அந்நூலின் சாரம். இந்நான்கனையும் அதற்கு நூறாண்டின் முன்னரே எழுப்பி, விடையைச் சொல்லாற் கூறாது செயலாற் கூறியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள். அவரைச் சைவங் காத்த பெருமான் என்றும், வசனநடை வகுத்தவர் என்றும், ஏட்டுநூல்களைப் பிழையற அச்சேற்றியவர் என்றும் நம்மவர் பலகாலும் போற்றியுள்ளனர். பாடமுறை வகுத்தவர் என்னும் சிறப்பு மட்டும் போதிய அளவு பேசப்பட்டிலது. அதனை முன்வைத்து அவர் வரலாற்றை ஈண்டுச் சொல்லப் புகுகின்றாம்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் நல்லூரில், கந்தர் என்பார்க்கும் சிவகாமி அம்மையார்க்கும் மகனாய்த் தோன்றினார். சுப்பிரமணிய உபாத்தியாயரிடம் தொடக்கக் கல்வியும், சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராய முதலியாரிடமும் உயர்ந்த இலக்கண இலக்கியக் கல்வியும் பெற்றார். ஆங்கிலங் கற்பான் உவெசிலியன் மிஷனார் பாடசாலையிற் சேர்ந்தார். அப்பாடசாலைத் தலைவராகிய பீட்டர் பர்சிவல் பாதிரியார் இவர்தம் நுண்ணறிவு கண்டு அங்கேயே ஆசிரியராக அமர்த்திக்கொண்டதும், விவிலிய மொழிபெயர்ப்பில் இவர் துணையை நாடியதும், அதன் பொருட்டு இருவரும் 1848இற் சென்னை சென்றதும் யாவரும் அறிந்தவை.

இவ்விடத்திற் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். அக்காலத்துத் தமிழ்ப்பிள்ளைக்கு இரண்டு கல்விமுறைகளே இருந்தன. ஒன்று திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் எழுத்துப் பழகி, அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என வந்து, நிகண்டினை நெட்டுருப் பண்ணுவது அதன் வழி. நினைவாற்றலை வளர்ப்பதில் அதற்கு ஒப்பில்லை. எனினும் பொருள் விளக்கம் பெரும்பாலும் பின்னைக்கு வைக்கப்பட்டது. அந்தப் பின்னை என்பது பலர்க்கு வாராமலே போயிற்று. மற்றொன்று மிஷன் பாடசாலை. அங்கே வகுப்பு உண்டு, காலவரம்பு உண்டு, வகுப்புக்கு ஏற்ப அச்சிட்ட புத்தகம் உண்டு, பரீட்சை உண்டு. ஆனால் அவ்வொழுங்கெல்லாம் பிள்ளையைத் தன் குலதெய்வத்தினின்றும் பிரித்தற்கே பயன்பட்டது. திருநீறழித்து உள்ளே போனாற் கல்வி, திருநீற்றோடு நின்றால் நெட்டுரு. இவ்விரண்டுள் ஒன்றையே கொள்ள நேர்ந்த பெற்றோரின் இடர்ப்பாட்டை நாவலர் அப்பாடசாலையின் உள்ளிருந்தே கண்டார்.

அவர் கண்டது இன்னுமொன்றுண்டு. மிஷனார் வெற்றிக்குக் காரணம் அவர்தம் கொள்கையன்று, அவர்தம் ஒழுங்கே என்பதாம். ஒழுங்கு ஒரு சமயத்தார்க்கே உரிய உடைமையன்று. ஆதலின் அதனை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று துணிந்தார். துணிந்தாரேயன்றி மிஷனாரைப் பார்த்து எழுதினாரல்லர். வினாவும் விடையுமாகப் பாடஞ் சொல்லுதலை மிஷனார் கொண்டுவந்த புதுமை என்பாருளர். மெய்கண்டாரை வினவும் முறையில் அருணந்தி சிவாசாரியார் இருபாவிருபஃது அருளியதும், உமாபதி சிவாசாரியார் வினாவெண்பா அருளியதும் அவர் அறியார் போலும்.

பணியிலிருந்த காலத்திலேயே நாவலர் தம் இல்லத்திற் பிள்ளைகளை வரவழைத்துப் பொருள் பெறாது கற்பித்து வந்தார். 1847ஆம் ஆண்டின் இறுதிநாளாகிய டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிற் சைவப் பிரசங்கந் தொடங்கினார். மறு ஆண்டிலேயே அவ்வூரிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரியாரிடத்து ஊதியம் பெற்ற வேலையையும் துறந்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தைந்து. இல்வாழ்க்கையை இறுதிவரை மேற்கொள்ளவில்லை. அவரிடம் பயின்று தேறிய மாணாக்கர் சிலரே கீழ்வகுப்புப் பிள்ளைகட்கு ஆசிரியராயினர். பணமின்மையால் நேர்ந்த ஏற்பாடு என இதனைக் கொள்ளலாம். எனினும் நன்னூலார் பாடங்கேட்டலின் வரலாற்றில், ஆசிரியனிடம் பெறுவது காற்கூறு, உடன்பயில்வாரோடு பழகிப் பெறுவது காற்கூறு, பிறர்க்கு விரித்துரைத்துப் பெறுவது எஞ்சிய அரைக்கூறு என்று வரையறுத்த கணக்கு இங்கே நடைமுறைக்கு வந்தமை காண்க.

பள்ளி ஏற்பட்டது, படிக்கப் புத்தகம் இல்லை. செய்யுளே நூலாயிருந்த நாட்டிற் சிறுபிள்ளை தானே எடுத்து வாசித்துப் பொருளுணரும் வசனநூல் அரிது. 1849இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழ்நாடு வந்த நாவலர், வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கஞ் செய்து நாவலர் என்னும் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணந் திரும்பி வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். 1850 தொடங்கி அங்கிருந்து பாலபாடங்கள் வெளிவரலாயின.

பாலபாடங்களைப் படித்தவர் பலர். அவற்றின் அடுக்கை நோக்கினவர் சிலர். முதற்பாடத்தில் எழுத்தும் சிறு சொல்லும் குறுகிய வாக்கியமும் வரும். மேலே செல்லச் செல்ல வாக்கியம் நீளும், சொல் அருகும், பொருள் ஆழும். நான்காம் பாலபாடத்துக்கு வரும்போது கடவுள், ஆன்மா, கொலை, களவு, சூது, செய்ந்நன்றியறிதல், கல்வி, திருக்கோயில், தமிழ் என்றின்னோரன்ன தலைப்புக்களில் முழுக் கட்டுரைகளையே பிள்ளை எதிர்கொள்கின்றது. ஒருபடியில் வந்தது மேற்படியில் விரிந்து வருமே யன்றி விடுபட்டுப் போகாது. சைவ வினாவிடையும் இலக்கண வினாவிடையும் இவ்வடுக்கினுக்குப் பக்கத்துணை. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம், பாலபாடம் முடித்த பிள்ளை புராணச் செய்யுளை அணுகுதற்கு இடைப்பட்ட ஒரு படி. இலங்கைப் பூமிசாஸ்திரமும் அவர் எழுதினார். சமயக் கல்வி தருபவர்க்கு நிலநூல் எதற்கு என்று வினவுவார்க்கு, தான் நிற்கும் மண்ணை அறியாத பிள்ளைக்குச் சமயமும் காற்றில் நிற்கும் என்பதே எமது விடை.

மேற்படியில் நிற்பார்க்கும் ஓர் ஒழுங்கு வேண்டுமெனக் கண்டு, தமிழ்ப்புலமை என்னும் தலைப்பில் ஒரு சிறு கட்டுரை வரைந்தார். சைவர் தமிழ் கற்குமிடத்து முதலிற் பாலபாடங்களும், பின்னர்ப் பெரியபுராண வசனமும், அதன்பின் இலக்கணச் சுருக்கமும், அதன்பின் நன்னூற் காண்டிகையுரையும் எனப் படிப்படியாய் ஏறுதல் வேண்டும் என்பதும், கற்ற இலக்கணவிதியை இலக்கியத்தில் அமைத்துக் கண்டு பழகுதல் வேண்டும் என்பதும் அதன்கட் சொல்லப்பட்டன. இவ்வமைத்துப் பழகுதலே டைலர் கூறும் நான்காம் வினாவிற்கு விடை. சூத்திரத்தை ஒப்புவித்தல் தேர்ச்சியன்று; கண்டறியாத செய்யுளில் அச்சூத்திரத்தைக் காட்டுதலே தேர்ச்சி. பெரும்பாலும் இவ்வரிசையிற் பயின்ற எம்போல்வார்க்கு அதன் அருமை நன்கு தெரியும். நன்னூலை முதலில் விழுங்கிப் பின்னர்ச் செரியாது வருந்தினாரையும் யாம் கண்டுள்ளேம்.

சித்தாந்த நூற்பயிற்சி உடையார்க்கு இவ்வடுக்கின் வேர் எங்குள்ளது என்று சொல்ல வேண்டுவதில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதமும் அரும்பு, மலர், காய், கனி போல்வன. உயிரின் பக்குவம் நோக்கியே இறைவன் திருவருள் பதிகின்றது. தீக்கையும் ஒருவகையாய் நில்லாது தகுதிக்கேற்பப் பலவகைப்படுகின்றது. உயிர்க்கு ஒத்த இம்முறையைப் பள்ளிப்பிள்ளையின் அறிவுக்கும் பொருத்தினார் நாவலர். எமது செட்டிநாட்டு வழக்கிலும் இதற்கோர் ஒப்புண்டு. கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாய்ப் புகுந்தவன் அடுத்தாளாகி, அதன் பின்னரே மேலாளாவன். வட்டிக்கணக்கு அறியாதான் கையில் எவரும் பெட்டிச்சாவி கொடார். பொருள் ஈட்டுதற்கு நாம் பேணிய படிமுறையை அருள் ஈட்டுதற்குப் பேணினோமா என்பது ஆராயத்தக்கது.

1864இல் நாவலர் தில்லையிலும் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தினார். இதன் நோக்கம் ஓரூர்ப் பிள்ளைகளோடு நிற்பதன்று. தேறிய மாணாக்கரை ஆசிரியராகவும் பிரசாரகராகவும் ஆக்கி ஊர்தோறும் அனுப்புதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆசிரியரை ஆக்காது பாடத்தை மட்டும் ஆக்குவது ஏட்டுச்சுரைக்காய் என அவர் தெளிந்திருந்தார்.

அக்காலத்தை ஒட்டி அவர் நமது பக்கத்துக்கும் எழுந்தருளினார். இராமநாதபுரத்திற் பொன்னுசாமித் தேவரவர்கள் அவரை வரவேற்று ஆதரித்தனர். திருக்குறட் பரிமேலழகருரை, திருக்கோவையாருரை முதலிய பதிப்புக்களுக்குப் பொருளுதவி புரிந்தவரும் அவரே. குன்றக்குடித் திருமடத்திலும் நாவலர் பிரசங்கஞ் செய்து சிறப்புப் பெற்றார். தேவரவர்களின் புதல்வர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவி, பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படியாகத் தேர்வு வகுத்தனர். 1909இல் மேலைச்சிவபுரியிற் சன்மார்க்க சபை தோன்றிச் செட்டிநாட்டிற் செந்தமிழ்க் கல்விக்கு நிலைக்களமாயிற்று. இவை நாவலரிடமிருந்தே நேரே வந்தன என்று யாம் சொல்லோம். எனினும் அடுக்கின்றிக் கற்ற தமிழ் நில்லாது என்னும் உணர்ச்சி இவை எல்லாவற்றிற்கும் பொதுவாயிருத்தல் வெளிப்படை.

நாவலர் முயற்சிகளுள் நிலைபெறாதனவும் உண்டு. ஆங்கிலத்தின் பொருட்டுச் சைவப்பிள்ளைகள் மிஷன் பாடசாலைக்குப் போதலைத் தடுக்கக் கருதி 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை தொடங்கினார். பாடமுறையிற் குறையில்லை, பணமே குறை. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. செல்வர் கைவிட்டமை அவர்க்குப் பெருந்துயர் விளைத்தது. கடையிற் கணக்கு முடித்தவுடன் மகமை எடுத்துவைக்கும் வழக்கமுடைய எம்மூரார் இதனைப் படிக்கும்போது, கோபுரத்துக்குச் சென்ற மகமையிற் பள்ளிக்குச் சென்றது எத்துணை என்று எண்ணாதிருத்தல் அரிது.

மற்றொரு குறையையும் மறைத்தல் நேர்மையன்று. நாவலர் தம் காலத்துச் சாதிவரம்பை ஏற்றவர்; அவ்வேற்பு அவர் எழுதிய பாடநூல்களினுள்ளும் புகுந்துள்ளது. பக்குவம் நோக்கிக் கற்பிக்க என்ற சித்தாந்தத்தைப் பள்ளிக்குக் கொணர்ந்தவரே, பிறப்பு நோக்கிப் பள்ளிவாயிலை வரையறுக்க இசைந்தார். இவ்விரண்டும் ஒவ்வா. அடியார் திருக்கூட்டத்தின் வரலாற்றை வசனமாக்கி வீடுதோறும் சேர்த்தவர்க்கு இது தோன்றாமற் போனமை எமக்கு வியப்பே. அவரைப் போற்றுவார் பலர் இதனைக் காலத்தின் மேலேற்றி ஒதுக்குவர். அவர் வகுத்த படிகளை எடுத்துக்கொள்வார் இவ்வரம்பினை நீக்கியே எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது எம் துணிபு. நீக்கினால் அப்படிகளுக்கு ஊறொன்றும் இல்லை.

1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயது நிரம்புதற்குச் சில நாட்கள் இருக்கையில், நாவலர் சிவபதம் எய்தினார். மாணாக்கர் சதாசிவப் பிள்ளை அச்சுப்பணியையும் வித்தியாசாலைப் பணியையும் ஏற்று நடத்தினார். மூடப்பட்ட ஆங்கிலப் பாடசாலையின் எண்ணம் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் மீண்டும் தளிர்த்தது. தில்லையில் அவர் விதைத்த கல்விப்பணி அவர் பெயரையே தாங்கிய மேல்நிலைப்பள்ளியாய் விளங்கிவருகின்றது. பாலபாடமும் மறுபதிப்புக்கள் பல கண்டு, ஈழத்தும் தமிழ்நாட்டும் பிள்ளைகள் கையிற் சென்று சேர்ந்தது.