அழகப்பச் செட்டியார்

அழகப்பச் செட்டியார் (ஏப்ரல் 6, 1909 – ஏப்ரல் 5, 1957) தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலதிபரும் கொடையாளரும் ஆவார். கல்லூரிகளை நிறுவியவர் என்றே பெரிதும் அறியப்படும் இவர், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமையவும் காரணமாக இருந்தார்.

வாழ்க்கை

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். வானூர்தி ஓட்டவும் அங்கே கற்றார். திருச்சூர்ப் பகுதியில் இவர் நிறுவிய நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அழகப்பநகர் எனப்படுகிறது. 1944இல் கிண்டியில் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கினார். 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார்.

ஆய்வகம்

விடுதலை பெற்ற இந்தியாவில் தேசிய ஆய்வகங்கள் பல ஊர்களில் நிறுவப்பட்டு வந்தன. அவற்றுள் ஒன்றைத் தம் ஊருக்குக் கொண்டுவர 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அழகப்பர் அளித்தார். சூலை 25, 1948 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். சனவரி 14, 1953 அன்று குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருட்டிணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். ஆங்கில இலக்கியமும் சட்டமும் படித்த ஒருவரின் கொடையால், பெருநகரம் ஏதும் அருகில் இல்லாத வறண்ட ஊரொன்று மின்வேதியியலின் இருப்பிடமாயிற்று.

மின்வேதியியலின் அடிப்படை, பள்ளிப் பாடத்தில் வரும் மின்னாற்பகுப்பு ஆகும். உப்புக் கரைசலில் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினால் நேர்மின்முனையில் குளோரினும் எதிர்மின்முனையில் ஐதரசனும் வெளிப்படும். எதிர்மின்முனையருகே காரம் உண்டாகும். குளோரினையும் காரத்தையும் கலவாமல் பிரித்து வைத்தால் எரிசோடா கிடைக்கும். சூடான கரைசலில் அவற்றைக் கலக்க விட்டால் சோடியம் குளோரேட்டு உண்டாகும். அதனுடன் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்துக் குளிர்வித்தால், கரைதிறன் குறைந்த பொட்டாசியம் குளோரேட்டு படிகமாகப் பிரியும். தீக்குச்சியின் தலை மருந்தில் எரிவதற்கான ஆக்சிசனைத் தருவது இதுவே. மழையை நம்பிய கரிசல் நிலத்தில் வேளாண்மை பொய்த்த காலங்களில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரக் குடும்பங்களுக்குக் கைகொடுத்த தீப்பெட்டித் தொழில் இவ்வுப்பின்றி நடவாது. காரைக்குடி ஆய்வகம் மேற்கொண்ட ஆய்வுகளுள் குளோரேட்டுத் தயாரிப்பும் ஒன்று. உலோக அரிமானம், மின்கலம், மின்முலாம் ஆகியவை பிற துறைகள்.

இறுதிக்காலம்

நெடுங்காலம் தொழுநோயால் துன்புற்றபோதும் தம் பணிகளை இவர் நிறுத்தவில்லை. பிரித்தானிய அரசு அளித்த சர் பட்டத்தைப் பின்னர்த் துறந்தார். 1956இல் இந்திய அரசு பத்ம பூசண் விருது வழங்கியது. தம் 48ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் காலமானார். இவர் தொடங்கிய கல்வி நிறுவனங்களின் வளர்ச்சியாக 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியில் உருவானது.