சொற்களின் காவலர் ஆனந்த குமாரசுவாமி

கோயிலின் முன்நின்று அழகென்று வியப்பார் பலர். அதன் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் காட்ட வல்லார் சிலரே. போதிகை இது, கொடுங்கை இது, கூடு இது என்று பிரித்தறியாத கண் அந்தக் கற்றளியை முழுமையாகக் கண்டதாகுமா? பெயர் மறைந்தால் பொருளும் மெல்ல மறையும். இவ்வுண்மையை உணர்ந்து, கீழைநாட்டுக் கலைச்சொற்களைத் தேடித் தொகுத்து விளக்குவதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி. அவர் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்தல் நமக்குப் பெருமகிழ்வு தருவதாகும்.

இவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி, ஈழத்தமிழர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். அன்னையார் எலிசபெத், கெண்ட் வட்டாரத்து ஆங்கில மாது. தாயும் சேயும் இங்கிலாந்து சென்றிருந்தபோது, 1879இல் தந்தையார் இலங்கையிலேயே காலமானார். அப்போது குழந்தைக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. தந்தையின் நாட்டையும் அதன் மரபையும் வளர்ந்தபின் தாமே தேடிப் பெற வேண்டியவரானார் ஆனந்தர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் பயின்றவை நிலநூலும் செடிநூலும் ஆகும். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமப் பொருள் ஆய்வுத்துறைக்குத் தலைவராக விளங்கினார். அங்கு அவர் கண்டறிந்த கனிமம் பின்னர்த் தோரியனைட்டு எனப் பெயர் பெற்றது. ஒன்றுபோல் தோன்றும் இரு கற்களை வேறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரை இடுவது நிலநூலாரின் முதற் கடமை. இப்பயிற்சியே அவரது பிற்காலக் கலையாராய்ச்சிக்கும் அடித்தளமாயிற்று.

பணியின் பொருட்டுச் சிற்றூர்தோறும் நடந்த அவர், கற்களோடு கைவினைஞரையும் கண்டார். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் புரவலரை இழந்த தச்சர், கொல்லர், ஓவியர், நெசவாளர் ஆகியோர் தொழில் நலிந்து கிடந்தனர். எனினும் அவர்தம் நாவில் பழஞ்சொற்கள் உயிரோடிருந்தன. கொடிக்கோலம் லியவெல எனப்பட்டது. பெண்ணுருக் கொண்டு மலரும் கொடி நாரிலதா எனப்பட்டது. இத்தகைய பெயர்களையும் தொழில் முறைகளையும் கேட்டறிந்து, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். வில்லியம் மாரிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அது அச்சாயிற்று. அச்சிட்டவை 425 படிகளே. சில தலைமுறைகளில் அழிந்திருக்கக்கூடிய சொற்கள் ஏட்டில் நிலைபெற்றன.

பின்னர் அவர் நோக்கம் பாரத நாட்டின்பால் திரும்பிற்று. வடபுலத்து ஓவியங்கள் அனைத்தையும் மொகலாய ஓவியம் என்னும் ஒரே பெயரில் அடக்கிவந்த காலம் அது. இராசபுத்திர ஓவியம் தனியொரு மரபென்று அவர் நிறுவினார். அதனை இராசத்தானி, பகாடி என இருவகைப்படுத்தினார். 1916இல் வெளிவந்த அந்நூலின் சில முடிவுகளைப் பின்வந்த அறிஞர் திருத்தியுள்ளனர். இரு மரபுகளுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் மிகுதி என்று காட்டியுள்ளனர். ஆயினும் அவர் நிலைநாட்டிய பெயர்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் வழங்குகின்றன.

தாம் திரட்டிய கலைச்செல்வத்தைக் கொண்டு காசியில் தேசியக் கலைக்கூடம் அமைக்க விரும்பினார். அதற்கு வேண்டிய ஆதரவு கிட்டவில்லை. 1917இல் அத்தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவரும் அங்கே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளரானார். நம்மிடம் தங்கியிருக்க வேண்டிய செல்வம் கடல் கடந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் வருந்துகிறது.

ஆனால் அங்கிருந்தே அவர் நமக்கு அளித்தவை பல. அபிநய தர்ப்பணத்தைத் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் மொழிபெயர்த்து 1917இல் வெளியிட்டார். பதாகம், திரிபதாகம் முதலிய கைம்முத்திரைகளின் பெயர்களை மேலைநாட்டார் அதன்வழி அறிந்தனர். ஆனந்தத் தாண்டவத்தின் உட்பொருளைத் திருமந்திரம், உண்மை விளக்கம் ஆகிய தமிழ் நூல்களின் துணைகொண்டு விளக்கிய அவரது கட்டுரை, 1912இல் சென்னைச் சித்தாந்த தீபிகையில் வெளிவந்து, 1918இல் நூலாக உலகெங்கும் பரவிற்று. துடி படைப்பையும், அமைந்த கை காப்பையும், தீ அழிப்பையும், ஊன்றிய அடி மறைப்பையும், தூக்கிய திருவடி அருளையும் குறிக்கும் என்பதைப் பிறநாட்டார் அறிந்தது பெரிதும் அவராலேயே. 1928இல் இந்தியக் கட்டடக் கலைச்சொற்களைத் தனியே ஆராய்ந்தார். அதனை அடுத்து, வடமொழி, பாலி நூல்களிலுள்ள பெயர்களைச் சாஞ்சி, பார்குத் முதலிய இடங்களின் சிற்பங்களோடு ஒப்பிட்டு, பண்டை நகர்களும் மாளிகைகளும் இருந்தவாறு காட்டினார்.

அவருடைய சொல்லாராய்ச்சி அகராதிப் பணியாக மட்டும் நின்றுவிடவில்லை. அலங்காரம் என்பதை நாம் மேற்பூச்சு என்று கருதுகிறோம். அலம் என்பதற்குப் போதுமானது என்பது பொருள். ஆகவே ஒன்றை அதன் பயனுக்கு நிறைவுடையதாக்குவதே அலங்காரத்தின் மூலக்கருத்து என்று 1939இல் எழுதிய கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். பயனும் அழகும் ஒரு காலத்தில் பிரிவின்றி இருந்தன என்பதற்கு அச்சொல்லே சான்றாகிறது. சொல்லின் பொருளை இழந்த சமுதாயம், குடத்தை ஒருபுறமும் கலையை மறுபுறமும் வைத்துப் பார்க்கத் தொடங்குகிறது.

1947 ஆகஸ்டு 15இல் பாரதம் விடுதலை பெற்றது. அடுத்த வாரத்தில் அவருக்கு எழுபது ஆண்டு நிறைவுற்றது. இந்தியா திரும்பி, எஞ்சிய நாட்களை அமைதியாகக் கழிக்க எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறுமுன், செப்டம்பர் 9ஆம் நாள், பாஸ்டனை அடுத்த நீடம் என்னும் ஊரில் காலமானார்.

பிறமொழி வழங்கும் நகரில் குடியேறி வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? நம் இல்லங்களில் பட்டுப்புடவை உண்டு. கோர்வை, கரை, முந்தி என்னும் சொற்கள் நம் பெண்மக்களுக்குத் தெரியுமா? முறமும் சல்லடையும் உண்டு. அவற்றின் தமிழ்ப்பெயர் பிள்ளைகள் நாவில் உண்டா? தந்தையின் நாட்டை நினைவறியாப் பருவத்திலேயே பிரிந்த ஒருவர், பிறர் மறந்த சொற்களையும் தேடிச் சேர்த்தார். தாயும் தந்தையும் அருகிருந்து பேசும் நம் குழந்தைகளுக்கு அச்சொற்களைக் கொடுப்பது அரிய செயலன்று. கோயிலுக்குச் செல்லும்போது ஒரு தூணைச் சுட்டி ஒரு பெயர் சொல்வோம்; சமையலறையில் ஒரு பொருளை எடுத்து ஒரு பெயர் சொல்வோம். அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே.