தத்துவஞானி ஸ்பினோசா

கொழும்புக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றியது 1656ஆம் ஆண்டு மே மாதத்திலாகும். அதே ஆண்டு யூலை 27ஆம் நாள், ஒல்லாந்தரின் பெருவணிக நகராகிய ஆம்ஸ்டர்டாமில், யூதர் தொழுகைக் கூடத்தில் ஓர் இளைஞர் சபித்து விலக்கப்பட்டார். முதற் செய்தியைச் சரித்திர பாடத்திற் படித்தோம், இரண்டாவதைப் படித்தோமல்லோம். அவ்விளைஞரே பாரூக் ஸ்பினோசா. அப்போது அவருக்கு வயது 23. நம் சங்கத்து இளைஞர் பலரின் வயதும் அதுவே.

அவர் முன்னோர் போர்த்துக்கலில் மத விசாரணை மன்றத்தின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய யூதர். பறங்கியரின் மதக் கெடுபிடி எத்தகையதென்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாறு அடைக்கலம் புகுந்த சமூகமே தன் பிள்ளையொருவரைத் தள்ளிவைத்ததுதான் நெஞ்சை உறுத்துகின்றது. அந்நிய மண்ணில் அண்டி வாழ்ந்தோர் ஊர்ப்பழிக்கு அஞ்சினர் போலும். அவருடன் எவரும் பேசலாகாது. ஒரே கூரையின்கீழ் இருத்தலாகாது. நான்கு முழத்துக்குள் நெருங்கலாகாது. அவர் எழுதியதைப் படித்தலும் ஆகாது. தீர்ப்பிற் கண்ட விதிகள் இவை. குற்றம் இன்னதென்பதை மட்டும் அத்தீர்ப்பு விளக்கிற்றில்லை. வாய்திறவாது தொழுகைக்கு வந்துபோனால் ஆண்டுதோறும் பணம் தருவதாக முன்னரே கேட்டுப் பார்த்தனரென்றும், அவர் இணங்கவில்லையென்றும் அவர் சரிதத்தை முதலில் எழுதியோர் கூறுவர்.

வணிகர் மகனாகிய அவர், பின்னர் தொலைநோக்கிக்கும் நுணுக்குக்காட்டிக்கும் வேண்டிய வில்லைகளைத் தேய்த்து மெருகிட்டார். விஞ்ஞானி ஹைகென்ஸே அவற்றை மெச்சினார். நண்பர் ஒருவரின் குடும்பத்தார் ஆண்டுக்கு 500 கில்டர் தர முன்வந்தபோது, 300 போதுமென்றார் என்பர். 1670இல் பெயர் மறைத்து வெளியிட்ட நூலில், சிந்தனைச் சுதந்திரத்தால் நாட்டின் அமைதி கெடாதென்று வாதாடினார். நூல் 1674இல் தடைசெய்யப்பட்டது. இதற்கிடையே, 1673இல், ஹைடில்பேர்க் சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. நாட்டுச் சமயத்துக்கு ஊறு விளையாதிருக்கவேண்டுமென்ற ஒரு நிபந்தனையும் உடனிருந்தது. அந்த எல்லை எங்கே தொடங்குமென்று தமக்குத் தெரியாதென்று பணிவுடன் மறுத்துவிட்டார். பட்டம் பெற்றதும் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதக் காத்திருக்கும் எம்மனோர் இவ்விடத்திற் சற்றே தரித்து நிற்கலாம்.

அவரது பெருநூல் 'ஒழுக்கவியல்'. கேத்திரகணிதம் போல வரைவிலக்கணம், வெளிப்படையுண்மை, நிறுவல் என்ற முறையில் அமைந்தது. உள்பொருள் ஒன்றே, அதனைக் கடவுளென்றாலும் இயற்கையென்றாலும் பொருந்தும் என்பது அதன் அடிப்படை. இதனை அத்துவைதமென்று அவசரப்பட்டு உரைப்பாருளர். அவ்வளவு தூரம் செல்ல நான் துணியேன். ஆனால், கடவுளை மெய்யாக நேசிப்பவன் கைம்மாறாகக் கடவுள் தன்னை நேசிக்கவேண்டுமென முயலான் என்ற அவர் முடிபு, பயன் கருதாப் பக்தியை அறிந்த நமக்குப் புதிதன்று.

ஹேக் நகரில் ஓர் ஓவியர் வீட்டிற் குடியிருந்தார். வீட்டுக்காரி ஒருநாள், தன் கிறித்துவ சமயத்தில் நின்றே தனக்கு ஈடேற்றம் கிட்டுமோவென வினவினாள். நாத்திகரென்று ஊரார் தூற்றிய அம்மனிதர், அவள் சமயம் நல்லதே, வேறொன்றைத் தேடவேண்டியதில்லை, பக்தியோடு அமைதியாக வாழ்ந்தாற் போதும் என்று தேற்றினார். கிறித்துவ பாடசாலையிற் பயின்ற எனக்கு இச்செய்தியே அடிக்கடி நினைவில் எழும்.

1677 பெப்ரவரி 21ஆம் நாள், 44 வயதில், நுரையீரல் நோயால் மறைந்தார். அவர் முன்னரே கேட்டுக்கொண்டபடி, வீட்டுக்காரர் அவரது எழுதுமேசையை ஆம்ஸ்டர்டாமிலிருந்த பதிப்பாளரிடம் அனுப்பிவைத்தார். 'ஒழுக்கவியல்' கையெழுத்துப்பிரதி அதனுள் இருந்தது. அவ்வாண்டே நண்பர்கள் அதனை அச்சேற்றினர். முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. முதலெழுத்துக்கள் மட்டுமே இருந்தன.